பிஎஸ்எம்பி5: கட்டுரையில் 49, தரவுத்தளத்தில் 108, எது சரி?

போர்ட்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது, பிஎஸ்எம்பி5 மரபணுவில் "49ஆவது அலனைன் த்ரியோனைனாக மாறியது" என்று அடிக்கடி வரும். அலனைனும் த்ரியோனைனும் அமினோ அமிலங்கள்; இந்த மரபணு உருவாக்கும் பீட்டா-5 என்ற புரதத்தில் 49ஆவது அமிலம் மாறியது என்று பொருள். ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் மருந்துக்கு மசியாமல் போனதற்கு இந்த மாற்றம் ஒரு காரணம். அந்த இடத்தை நாமே கண்டுபிடிப்போம்.

1. புரத வரிசைகளின் தரவுத்தளமான யூனிப்ராட் தளத்தில் மரபணுவின் பெயரைத் தேடி, மனிதனுக்குரிய பதிவைத் திறங்கள். எண் பி28074. எலியின் பதிவும் கூடவே வரும், கவனம். வரிசையைப் பார்க்க எனக்கு இந்தத் தளம்தான் பிடிக்கும். எந்தத் துண்டு வெட்டப்படுகிறது என்று தெளிவாகக் காட்டிவிடும்.

2. வரிசையில் 49ஆவது இடத்தைப் பாருங்கள். அலனைன் இருக்காது, ப்ரோலைன் என்ற வேறு அமினோ அமிலம்தான் இருக்கும். பதிவும் சரி, கட்டுரையும் சரி. எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு.

புரோட்டியாசோம் என்பது செல்லுக்குள் புரதங்களை வெட்டும் இயந்திரம். அதன் பீட்டா-5 புரதம் 263 அமினோ அமிலங்களோடு உருவாகிறது. இரண்டு அரைத் துண்டுகள் சேர்ந்து முழு புரோட்டியாசோம் ஆகும்போது, முதல் 59 அமிலங்களை அது தானே வெட்டிக்கொள்கிறது. அப்போது வெளிப்படும் த்ரியோனைன்தான் மற்ற புரதங்களை வெட்டும் கத்தி. போர்ட்டெசோமிப் போய் ஒட்டுவதும் அதில்தான். அதனால் இந்தத் துறையினர் அதையே 1 என்று வைத்து எண்ணுகிறார்கள்.

3. சரி, இப்போது 59-ஐக் கூட்டுங்கள்: 49 + 59 = 108. அங்கே அலனைன் இருக்கும். கூட்டியதோடு விடாமல் 60ஆவது இடத்தில் த்ரியோனைன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. முப்பரிமாணத்தில் பார்க்க, மூலக்கூறுகளைக் காட்டும் கைமேராஎக்ஸ் மென்பொருள் போதும். புரோட்டியாசோமின் மையப் பகுதியான 20எஸ் புரோட்டியாசோமில் 28 துணைப் புரதங்கள், ஒவ்வொரு வகையிலும் இரண்டு. ஆகவே பீட்டா-5 இரண்டு இடத்தில் தெரியும். நிறம் தீட்டும்முன் கோப்பு எந்த எண்வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: பீட்டா-1 வேண்டும் என்று பிஎஸ்எம்பி1-ஐத் திறந்தவர்கள் பின்னூட்டத்தில் குழம்பியிருந்தீர்கள். அது பீட்டா-6. பீட்டா-1 வேண்டுமென்றால் பிஎஸ்எம்பி6, பீட்டா-2 வேண்டுமென்றால் பிஎஸ்எம்பி7. அப்புறம், நோய் எதிர்ப்புச் செல்களில் பீட்டா-5க்குப் பதிலாக வரும் பிஎஸ்எம்பி8-க்கு இந்த 59 பொருந்தாது. அதில் வெட்டப்படும் துண்டின் நீளமே வேறு. அதன் பதிவைத் திறந்து பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.