காரில் ரப்பர் கருகும் வாடையா? கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

ரப்பர் கருகுகிற வாடை வந்ததும் பலரும் உடனே பானட்டைத் திறந்து உற்றுப் பார்ப்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அங்கே எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். வாடை எப்போது வந்தது என்று முதலில் யோசியுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஏசி போட்டதுமா, மேடு ஏறும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா, வண்டியை நிறுத்திய பிறகா? மெக்கானிக்கிடம் போனாலும் அவர் இதைத்தான் கேட்பார்.

புகை தெரிந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம். ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். பானட்டைத் திறக்காதீர்கள். உள்ளே தீ இருந்தால் காற்றுப் பட்டதும் குபீரென்று கிளம்பும்.

படி 1: குனிந்து பாருங்கள்

வண்டியைச் சுற்றி வந்து, வாடை எந்தப் பக்கம் தூக்கலாக இருக்கிறது என்று முகருங்கள். அப்படியே அடியிலும் பாருங்கள். நான் ஒருமுறை இரண்டு நாள் பெல்ட்டையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், ரோட்டில் கிடந்த பிளாஸ்டிக் பை ஒன்று சைலன்சர் குழாயில் ஒட்டி, தார் மாதிரி உருகிக் கிடந்தது. குழாய் நன்றாக ஆறியதும் மரக்குச்சியால் சுரண்டினேன். ஒட்டியிருந்த மிச்சம் எரிந்து தீரும்வரை வாடை கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான்.

படி 2: சக்கரங்கள்

பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்சக்கரம் இரண்டுமே சூடு என்றால், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கினீர்களா என்று பாருங்கள். முன்சக்கரம் ஒன்று என்றால், பெரும்பாலும் கேலிபர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) சிக்கியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது ஒர்க்‌ஷாப் வேலை. சூடான பிரேக் டிஸ்கில் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும்.

திரும்பும்போது மட்டும் வாடை வருகிறதா? ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவைத்து மட்கார்டின் உட்புறம் பாருங்கள். டயர் உரசிய இடம் தேய்ந்து பளபளப்பாகத் தெரியும். கழன்று தொங்கும் பிளாஸ்டிக் மறைப்பு என்றால் கிளிப்பை மாட்டினால் போதும்.

படி 3: பெல்ட்

எஞ்சின் ஆறட்டும், சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். எஞ்சினின் ஒரு பக்கத்தில் பல புல்லிகளை (பெல்ட் ஓடும் உருளைகள்) சுற்றிப் போகும் ரப்பர் பட்டைதான் நம் ஆள். பல கார்களில் ரேடியேட்டர் பேன் மின்சாரத்துக்கு மாறிப் பல வருடமாகிறது, இதற்கு மட்டும் இன்னும் பேன் பெல்ட் என்றே பெயர். அந்த மின்சார பேன் எஞ்சின் அணைந்திருந்தாலும் திடீரென்று சுற்றும், எனவே விரலைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

டார்ச் அடித்து பெல்ட்டின் உட்புறத்தைப் பாருங்கள். கண்ணாடி போல மினுங்கினால் வழுக்கியிருக்கிறது. வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், எண்ணெய்ப் பிசுக்கு எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் பட்டிருந்தால் முதலில் எண்ணெய் ஒழுகுவதை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் அதே கதிதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்துவதும், ஏசி போட்டால் கத்தல் கூடுவதும் வழுக்கலின் அடையாளங்கள். அதற்கு ஸ்பிரே அடித்து ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது, சத்தம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

மாற்றுவதற்கு முன் பெல்ட் ஓடும் பாதையைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியபின் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ இறுகி நின்றாலோ குற்றவாளி பெல்ட் இல்லை, அந்தப் புல்லி. புது பெல்ட் மாட்டியதும், எல்லாப் புல்லியிலும் பள்ளங்களுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 4: மிச்சம் இருப்பவை

மேட்டிலும் நெரிசலிலும் மட்டும் வந்தால் கிளட்ச். நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. வீட்டில் செய்யும் வேலை இல்லை.

நிறுத்திய பிறகு வாடை தூக்கினால் சூடான பாகத்தில் ஆயில் சொட்டலாம். இரவு வண்டிக்கு அடியில் அட்டை ஒன்றைப் போட்டுவைத்துக் காலையில் பாருங்கள்.

எஞ்சின் ஓடாதபோதும் காரமான பிளாஸ்டிக் வாடை வந்தால் வயரிங். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் போன இடத்தில் 20 ஆம்பியரைச் செருகி ஓட்டினால், அடுத்து எரிவது வயர்தான்.