நடுகல் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கம், தண்டராம்பட்டு, அரூர், ஊத்தங்கரை என்று விடுமுறை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு நடுகல் (இறந்துபட்ட வீரர்களுக்கு நட்ட பழைய நினைவுக்கல்) தேடிக் கிளம்புகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஏரிக்கரையிலும் கொல்லை வரப்பிலும் புளியமரத்தடியிலும் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் தொல்லியல் துறை ஆட்களே தேடிப் பார்த்துவிட முடியாது. ஆனால் முன்பு இந்த வேலைக்கு வந்தவர்கள் எங்கெல்லாம் இடறி விழுந்தார்களோ, அதே இடங்களில்தான் புதியவர்களும் விழுகிறார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், புதரில் பாம்பு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. கல்லுக்கும் அதில் இருக்கும் செய்திக்கும் கேடு செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பார்த்த அன்றே ‘புதிய கண்டுபிடிப்பு’ என்பது

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களிலேயே செங்கம், தருமபுரி வட்டாரங்களில் ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் படித்து, பாடத்தோடு (கல்லில் உள்ள வாசகத்தோடு) நூலாக வெளியிட்டுவிட்டது. உங்களுக்குப் புதிதாகத் தெரியும் கல் 50 ஆண்டுக்கு முன்பே அச்சேறியதாக இருக்கலாம். ஊர்ப் பெயரை வைத்து முதலில் அந்தத் தொகுதிகளில் தேடுங்கள். பழைய பெயர், வருவாய்க் கிராமப் பெயர், பக்கத்துக் குக்கிராமத்தின் பெயர் மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பதிவான கல் என்றாலும் ஏமாற வேண்டாம். அன்று படித்த எழுத்தில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒப்பிட்டுக் குறித்து வைப்பதும் உருப்படியான வேலை.

எழுத்தின் மேல் சாக்பீஸ் ஓட்டுவது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கல்லைக் கண்டதும் பையிலிருந்து சாக்பீஸ் வெளியே வருகிறது. இல்லாவிட்டால் விபூதி, கோலமாவு, மைதா. ஆர்வம் கூடிப்போனால் ஒரு சின்ன டப்பா வெள்ளை எனாமல். எழுத்து ‘நன்றாகத் தெரிய’ வேண்டுமாம்.

தெரிவது கல்லின் எழுத்து அல்ல, உங்கள் ஊகம். சாக்பீஸை மேலாகத் தேய்த்தாலாவது கொஞ்சம் நேர்மை இருக்கும். இவர்கள் பள்ளத்துக்குள் கோடு இழுக்கிறார்கள். எது உளி விட்ட கோடு, எது மழையும் வெயிலும் தின்ற குழி என்று அந்த நிமிடத்தில் கை முடிவுசெய்கிறது. கருங்கல்லின் மேல்தோல் சின்னச் சின்னச் சில்லாகப் பெயரும் தன்மையுடையது. பெயர்ந்த இடம் பல நேரம் எழுத்தின் வளைவு போலவே இருக்கும். அதன் மேல் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் படத்தில் பள்ளம் தெரியாது, கோடுதான் தெரியும். படம் வாட்ஸ்அப்பில் நாலு குழுவுக்குப் போகும். வாசித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பார்கள். பிறகென்ன, ‘அறிஞர்கள் ஒருமனதாக உறுதி செய்தார்கள்’ என்று செய்தி வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. செங்கம் பக்கத்து நடுகற்களில் பெரும்பாலானவை வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துவகை. வட்டெழுத்தில் ‘ப’வும் ‘வ’வும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். வேறுபாடு ஒரு முனையின் வளைவில்தான் இருக்கிறது, தேய்ந்த கல்லில் முதலில் போவதும் அந்த முனைதான். ‘பட்டான்’ (இறந்தான்) போன்ற சொல்லில் கவலையில்லை. அடுத்த சொல்லை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆள்பெயரில் என்ன செய்வீர்கள்? இந்த வட்டாரக் கற்களில் வாணகோ அரைசர் என்று ஆட்சியாளர் பெயர் வரும். வரலாற்றுப் புத்தகத்தில் ‘பாணர் மரபு’ என்று படித்துவிட்டு வந்தவர் சாக்பீஸால் ‘பாண’ என்று கோடிழுத்துவிட்டால், கல்வெட்டில் தமிழ் வழக்காக ‘வாண’ என்று நின்ற சொல் படத்தில் காணாமல் போகும். அடுத்தவர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ‘பாண’ என்ற வழக்குக்கு ஆதாரம் கிடைத்தது என்று கட்டுரை எழுதுவார். குறில் நெடில் குழப்பம் வேறு இருக்கிறது. எ, ஏ இரண்டுக்கும் ஒ, ஓ இரண்டுக்கும் கல்லில் பெரும்பாலும் வேறுபாடு காட்டுவதில்லை. மெய்க்குப் புள்ளியும் எல்லா இடத்திலும் இருக்காது. ஆநிரையைக் குறிக்கும் ‘தொறு’ என்ற சொல்லைத் ‘தோறு’ என்று படித்துவிட்டுப் பொருள் தெரியாமல் திண்டாடியவர்கள் உண்டு. இப்படி வாசிப்பில் வரும் தவறைத் திருத்த வழியிருக்கிறது. சாக்பீஸ் போட்டபின் திருத்துவதற்குக் கல்லில் எதுவும் தெளிவாகத் தெரியாது.

கல்லுக்கு நேர்கிற கேடு தனி. சாக்பீஸ் தூள் நுண்துளைக்குள் இறங்கிவிட்டால் ஒரு மழையில் போகாது. போகவில்லையே என்று அடுத்து வருகிறவர் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பார். கம்பி பிரஷ் ஒரு தடவை ஓடினால் தேய்ந்த எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றிய கல்லும் உண்டு. எனாமல் பூசியதை எடுக்கப் போனால் பெயின்டோடு கல்லின் தோலும் உரிந்து வரும்.

சரி, எழுத்து எப்படித் தெரியும்? சாய்ந்த வெளிச்சம் போதும். செய்முறை இதுதான்:

ஒரு மக்கு தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். புதிய 2 அங்குல பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள். ஒட்டிய மண்ணுக்கு மூங்கில் குச்சி போதும், இரும்பு எதுவும் வேண்டாம். சாம்பல், மஞ்சள் நிறத்தில் வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும் கற்பாசியைத் தொடாதீர்கள், அதைப் பிடுங்கினால் கல்லின் துகளும் சேர்ந்து வரும். பிறகு கல்லைக் காய விடுங்கள். சமதளம் முதலில் காயும், பள்ளம் கொஞ்ச நேரம் ஈரமாக நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் எழுத்து தானாகக் கறுத்துத் தெரியும். கேமராவைத் தயாராக வைத்திருங்கள்.

கிழக்குப் பார்த்த கல்லுக்குக் காலை, மேற்குப் பார்த்த கல்லுக்கு மாலை என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் வேண்டியது வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும் நேரம். கிழக்குப் பார்த்த கல்லுக்கு அது உச்சிவேளைக்குச் சற்று முன்புதான் வரும், நேர் எதிரே வெயில் அடிக்கும் அதிகாலையில் அல்ல. காத்திருக்க முடியாவிட்டால் ஓர் ஆள் குடையால் கல்லுக்கு நிழல் பிடிக்கட்டும். இன்னோர் ஆள் பக்கவாட்டில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை வாங்கிக் கல்லின் மேல் சாய்வாக அடிக்கட்டும். ஒரு சாண் கண்ணாடி போதும். இருட்டிய பிறகு டார்ச் இன்னும் நல்லது. போனை முக்காலியில் நிறுத்தி, 2 வினாடி டைமர் வைத்து, டார்ச்சைக் கல்லின் தளத்தோடு ஒட்டினாற்போலப் பிடித்து இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். கேமரா அசையக் கூடாது, வெளிச்சம் மட்டுமே நகர வேண்டும். இடமிருந்து அடித்த வெளிச்சத்தில் மறைந்த குறுக்குக் கோடு மேலிருந்து அடித்ததில் தெரியலாம், நெடுக்குக் கோடு நேர்மாறாக. உளிக்கோடு தெரிகிற படங்களிலெல்லாம் ஒரே அகலத்தில் தொடரும். இயற்கைக் குழி திசைக்குத் திசை உருவம் மாறும். பத்துப் படத்தில் ஒன்றிலாவது அளவுகோல் வையுங்கள்.

மைப்படி (எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி) எடுப்பது வேறு கலை. தாளை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரத் தாளில் மை ஒற்றினால் அது ஊறிக் கல்லில் இறங்கிவிடும். கறுத்த கல் கறுத்ததுதான். பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஏற்கெனவே யாரோ சாக்பீஸ் போட்ட கல்லைப் பார்த்தால், தண்ணீர் ஊற்றிப் போனவரை போகட்டும், மிச்சத்தை மழைக்கு விடுங்கள். ‘சாக்பீஸ் போட்ட நிலையில் பார்த்தது’ என்று குறிப்பில் எழுதுங்கள். அந்த வெள்ளைக் கோட்டை வைத்துப் பாடம் எழுதாதீர்கள்.

‘கோவிசைய’ என்று ஒரு மன்னனைப் பிறப்பிப்பது

‘கோவிசைய மயீந்திர பருமற்கு’ என்றால் கோ, விசைய, மகேந்திரவர்மனுக்கு என்று பொருள். கோவிசையன் என்று தனியாக ஒருவன் இல்லை. பல்லவர் பெயர் பலவற்றின் முன்னால் வரும் அடை அது. ‘பரும’ என்பது வர்ம. பல்லவ மன்னன் பெயர் இருக்கிறது, எழுத்து வட்டெழுத்தாக இருக்கிறது, ஆகவே போலி என்று முடிவுகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் அதுதான் வழக்கம்.

ஆட்சியாண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றித் தலைப்புப் போடுவது

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டைச் சொல்கிறது. அவன் ஆட்சி 590-இல் தொடங்கியது என்று ஒரு கணக்கு, 600 என்று இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் 34-ஆம் ஆண்டு ஏறத்தாழ 624-இல் விழும். இரண்டாவதில் 634-க்குப் பக்கத்தில் போய், வழக்கமாக அவன் ஆட்சி முடிந்ததாகச் சொல்லும் 630-ஐத் தாண்டிவிடும். ஆட்சித் தொடக்கத்தை முன்தள்ளுவதற்கே இப்படிப்பட்ட கல்வெட்டுகள்தான் காரணமாகின்றன. ஆகவே கல் சொன்ன ஆண்டை அப்படியே எழுதுங்கள், மாற்றிய ஆண்டைத் தனியாக, எந்தக் கணக்குப்படி என்று சேர்த்து எழுதுங்கள். எழுத்தே இல்லாத கல்லுக்கு நூற்றாண்டு சொல்ல வேண்டுமென்றால் ‘சுமார்’ இல்லாமல் சொல்லாதீர்கள்.

புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகற்கள் கிடைத்தன. அதிலிருந்து கலப்பைக் கீறலைக்கூடத் தமிழி என்று பார்க்கும் கண் வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா விலங்கும் புலி

நாலு கால் இருந்தால் புலிக்குத்திக் கல் (புலியோடு போரிட்டவனுக்கு எடுத்த கல்) என்று எழுதிவிடுகிறார்கள். வால், காது, கொம்பு மூன்றையும் பாருங்கள். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு இருப்பது நாய். அதற்குக் கோவிவன் என்று பெயர் என்றும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவலுக்கே கல் எடுத்திருக்கிறார்கள். வீரனின் காலருகே இருக்கும் கெண்டியையும் சிமிழையும் விளக்கு, உடுக்கை என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. தன் கழுத்துக்கே வாளை வைத்திருப்பவன் போரில் பட்டவன் அல்ல, அது தன்னையே பலி கொடுக்கும் நவகண்டம். பெண் உருவம் இருப்பதெல்லாம் உடன்கட்டை ஏறியவளுக்கு எடுத்த சதிக்கல்லும் அல்ல. வளையல் அணிந்து உயர்த்திய கை போன்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பின்புறம் பார்க்காமல் திரும்புவது

சுற்றி வாருங்கள். மேல்விளிம்பையும் பாருங்கள்.

கல்வெட்டைத் ‘திருத்தி’ எழுதுவது

‘அரைசர்’ என்று இருந்தால் அரைசர்தான். வரிக்கு வரி, கல்லில் மடங்கிய இடத்திலேயே மடக்கி எழுதுங்கள். ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், சிதைந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இக்காலத் தமிழில் பொருள் எழுத அடியில் இடம் இருக்கிறது.

இடத்தைக் குறிக்காமல் விடுவது, குறித்ததை ஊருக்கே சொல்வது

‘அரூர் அருகே’ என்பது முகவரி இல்லை. மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், முடிந்தால் புல எண், கல் பார்க்கும் திசை, தரைக்கு மேல் உயரம், அகலம், தடிமன். ஜிபிஎஸ் எண்ணைத் தசமத்துக்குப் பின் 5 இலக்கம்வரை குறித்தால் ஒரு மீட்டர் அளவுக்கு இடம் பிடிபடும். போன் காட்டுவது அதைவிட முன்பின் இருக்கும் என்பதால் அடையாள மரம், மதகு, பாறை எதையாவது சேர்த்து எழுதுங்கள். ஏரிக்கரையில் வரிசையாக இருக்கும் கற்கள் தூர்வாரும்போது எங்கிருந்தோ கொண்டுவந்து சாத்தியவையாக இருக்கலாம். ‘இது முன்னாடி எங்க இருந்துச்சு’ என்று ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேளுங்கள்.

அந்த எண்ணைத் துறைக்குக் கொடுங்கள், முகநூலில் போடாதீர்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் என்று நம்பி ராத்திரியில் தோண்டிச் சாய்க்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது.

மண்ணுக்குள் எழுத்து போகிறதென்று தோண்டிப் பார்ப்பது

வேண்டாம். கல் சாயும்.

கும்பிடும் கல்லைக் கிடக்கும் கல் என்று நினைப்பது

இந்தப் பக்கத்தில் நடுகல் பல ஊர்களில் வேடியப்பன். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறியிருக்கும். அதைச் சுரண்டினால் ஊரில் அடுத்த ஆளுக்கும் கதவு அடைபடும். பூசாரியிடம் பூசை நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குப் போங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவியதற்கும் எண்ணெய் தடவுவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் கல் வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளியில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். சுண்ணாம்பு பூசிய கல் என்றால் விட்டுவிடுங்கள், பூச்சுக்குக் கீழே எழுத்து பத்திரமாகத்தான் இருக்கும்.

‘பாதுகாக்க’ எடுத்துக்கொண்டு போவது

100 ஆண்டு கடந்த சிற்பமும் கல்வெட்டும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் சட்டம். கல்லை ஜேசிபி வைத்துத் தூக்கும்போது பாதியில் உடைந்தால் ஒட்டவைக்க முடியாது. சாலை அகலப்படுத்துகிறார்கள், கல் போய்விடும் என்ற நிலை வந்தால், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், தொல்லியல் துறை மூவருக்கும் அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள், படத்தோடு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, இடம் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் எங்கே வைப்பது என்று துறை சொல்லட்டும். கடிதத்தின் நகல் ஒன்றைப் பூசாரியிடமோ ஊர்த் தலைவரிடமோ கொடுத்துவிட்டு வாருங்கள். இயந்திரம் வரும் நாளில் அங்கே நிற்கப் போவது அவர்கள்தான்.