விலங்குகள் தெரியும் அறை எடுக்கலாமா?

ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் அனிமல் கிங்டம் லாட்ஜில் தங்கப்போகிறீர்களா? பதிவு செய்யும்போது ‘சவானா வியூ’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த அறைகளில்தான் பால்கனியிலிருந்தே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைக் குழந்தைகள் பார்க்கலாம். வாடகை கூடுதல். அதனால் அதை எடுத்தால் ஒரு காலைப்பொழுதாவது பூங்காவுக்கு ஓடாமல் விடுதியிலேயே இருங்கள். விடிந்ததும் கிளம்பி இரவில்தான் திரும்புவீர்கள் என்றால் சாதாரண அறையே போதும். தங்குபவர்கள் எல்லோரும் நின்று பார்க்கப் பொது இடங்கள் அங்கேயே உண்டு. ‘சனா’ உணவகத்தின் ஜன்னல் வழியாகவும் விலங்குகள் தெரியும், ‘நான்’ ரொட்டியும் கிடைக்கும். அப்புறம், இங்கிருந்து பூங்காக்களுக்கு மோனோரயில் கிடையாது, டிஸ்னியின் பேருந்துதான். குழந்தையின் தள்ளுவண்டியை மடித்துத்தான் ஏற வேண்டும், ஆகவே எளிதில் மடங்குவதாகக் கொண்டுபோங்கள்.