கன்ட்ரோலர் செத்துப்போனா ஓப்பன் விஸ்விட்ச் என்ன பண்ணும்? நாமளே நிறுத்திப் பாக்கலாம்

எஸ்டிஎன் (ஸ்விட்ச்சுகளை ஒரு மையமான சாஃப்ட்வேர் கன்ட்ரோலர் வழியா கட்டுப்படுத்துற முறை) படிக்க ஆரம்பிச்ச யாருக்கும் ரெண்டாவது நாளே இந்த சந்தேகம் வந்துடும், முடிவெடுக்கிற வேலையெல்லாம் கன்ட்ரோலர் கையில குடுத்தாச்சு, அது திடீர்னு படுத்துட்டா ஸ்விட்ச்சும் சேர்ந்து படுத்துடுமான்னு. படுக்காது. ஆனா என்ன நடக்கும்ங்கிறது, நீங்க முன்கூட்டியே என்ன செட்டிங் வெச்சிருக்கீங்கங்கிறத பொறுத்தது. அந்த செட்டிங் பேரு ஃபெயில் மோட். ரெண்டே மதிப்புதான், ஸ்டாண்டலோன் (கன்ட்ரோலர் இல்லன்னா ஸ்விட்ச் தானே பொறுப்பெடுத்துக்கும்), செக்யூர் (எடுத்துக்காது, ஏற்கனவே இருக்கிற ரூல்ஸோட மட்டும் நிக்கும்). ஒண்ணும் சொல்லலன்னா ஓப்பன் விஸ்விட்ச் (நாம இங்க பாக்குற சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) ஸ்டாண்டலோனா எடுத்துக்கும். இத லேப்ல ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க, அப்புறம் எந்த ப்ரொடக்‌ஷன் பெட்டியில கைய வெச்சாலும் தெளிவு இருக்கும்.

(கமாண்ட் எல்லாம் உச்சரிப்பாதான் தமிழ்ல எழுதியிருக்கேன், டெர்மினல்ல வழக்கம்போல ஆங்கிலத்துல அடிங்க.)

ஸ்டெப் 1: லேப் ரெடி பண்றது

உபுண்டு விஎம் ஒண்ணு போதும். ஏப்ட் வழியா மினிநெட் (ஒரே மெஷினுக்குள்ள சோதனை நெட்வொர்க் கட்டித் தர்ற டூல்), ஓப்பன்விஸ்விட்ச்-டெஸ்ட்கன்ட்ரோலர் ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணுங்க. அந்த டெஸ்ட் கன்ட்ரோலர் தானாவே சர்வீஸா ஓட ஆரம்பிச்சு 6653 போர்ட்ட பிடிச்சு வெச்சிருந்தா சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் குடுத்து நிறுத்திடுங்க, நம்ம கையால ஓட்டினாதான் நம்ம இஷ்டத்துக்கு நிறுத்த முடியும்.

மூணு டெர்மினல் திறங்க. முதல்ல இருக்கிறதுல "சுடோ ஓவிஎஸ்-டெஸ்ட்கன்ட்ரோலர் பிடிசிபி:6653". ரெண்டாவதுல "சுடோ எம்என் --கன்ட்ரோலர் ரிமோட் --டோப்போ சிங்கிள்,3". இப்ப எஸ்1னு ஒரு ஸ்விட்ச், அதுல எச்1, எச்2, எச்3னு மூணு ஹோஸ்ட். மூணாவது டெர்மினல் வேடிக்கை பாக்க.

மூணாவதுல "சுடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் ஷோ" அடிச்சா கன்ட்ரோலர் வரிக்கு கீழ "இஸ்_கனெக்டட்: ட்ரூ"ன்னு இருக்கணும், இல்லன்னா மேல போகாதீங்க. அடுத்து "சுடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் கெட்-ஃபெயில்-மோட் எஸ்1" கேளுங்க, செக்யூர்னு வரும். டீஃபால்ட் ஸ்டாண்டலோன்னு சொன்னீங்களேன்னு கேப்பீங்க, மினிநெட் தான் உருவாக்குற ஸ்விட்ச்சுக்கு செக்யூர்னு போட்டுத்தான் குடுக்கும். கன்ட்ரோலர் இல்லாம மினிநெட் ஓட்டிட்டு ஏன் பிங் போகலன்னு நிறைய பேர் தவிக்கிறது இதனாலதான்.

ஸ்டெப் 2: செக்யூர்ல கன்ட்ரோலர நிறுத்துறது

மினிநெட்ல "எச்1 பிங் எச்2" ஓட விடுங்க. பிங்ஆல் அடிக்காதீங்க, எச்3 கிட்ட இதுவரைக்கும் யாரும் பேசாம இருக்கணும், அது முக்கியம். மூணாவது டெர்மினல்ல "சுடோ ஓவிஎஸ்-ஓஎஃப்சிடிஎல் டம்ப்-ஃப்ளோஸ் எஸ்1" பாருங்க, கன்ட்ரோலர் போட்ட ஃப்ளோக்கள் (எந்த பாக்கெட்ட எங்க அனுப்பணும்ங்கிற ரூல்கள்) ஐடில் டைம்அவுட் 60ஓட தெரியும், அதாவது 60 செகண்ட் எந்த பாக்கெட்டும் பொருந்தலன்னா அந்த ஃப்ளோ அழிஞ்சுடும்.

இப்ப முதல் டெர்மினல்ல கன்ட்ரோல் சி.

பிங் நிக்கல, பாத்தீங்களா? ஃப்ளோ டேபிள் ஸ்விட்ச்சோட மெமரியிலயே இருக்கு, அதுல பொருந்துற பாக்கெட் கன்ட்ரோலர்கிட்ட கேக்காமலே போகும். பிங்க நிறுத்திட்டு உடனே "எச்1 பிங் எச்3" அடிங்க, இது போகவே போகாது, ஏன்னா எச்3யோட மேக் அட்ரஸ கேக்குற ஏஆர்பி ப்ராட்காஸ்ட்டுக்கு டேபிள்ல ஃப்ளோ இல்ல, கன்ட்ரோலர்தான் அத ஃப்ளட் பண்ணச் சொல்லணும், அது உயிரோட இல்ல, பாக்கெட் ட்ராப். ஒரு நிமிஷத்துக்கு மேல சும்மா விட்டுட்டு மறுபடி டம்ப்-ஃப்ளோஸ் பாருங்க, டேபிள் காலி. கன்ட்ரோலர் செத்தாலும் டைம்அவுட் கடிகாரம் நிக்காது. இப்ப எச்1 எச்2 பிங்கும் போகாது.

அதனால செக்யூர்னா "பழசு அப்படியே ஓடும்"னு மட்டும் மனசுல வெச்சுக்காதீங்க. ஃப்ளோவுக்கு டைம்அவுட் போடாம இருந்தா ஓடும், போட்டிருந்தா கொஞ்சம் கொஞ்சமா அவிஞ்சுடும். கன்ட்ரோலர திரும்ப ஓட்டுங்க, ஸ்விட்ச் விடாம ட்ரை பண்ணிட்டே இருக்கும், தானா கனெக்ட் ஆயிடும்.

ஸ்டெப் 3: ஸ்டாண்டலோன்ல அதே வேலை

"சுடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் செட்-ஃபெயில்-மோட் எஸ்1 ஸ்டாண்டலோன்". கனெக்ட் ஆயிருக்கான்னு பாத்துட்டு கன்ட்ரோலர நிறுத்துங்க, உடனே "எச்1 பிங் எச்3" ஓட விடுங்க. கொஞ்ச நேரம் பதில் வராது, அப்புறம் திடீர்னு வர ஆரம்பிக்கும். இன்ஆக்டிவிட்டி ப்ரோப் (கன்ட்ரோலர் உயிரோட இருக்கான்னு ஸ்விட்ச் தட்டிப் பாக்குற இடைவெளி) 5 செகண்ட், அதுக்கு மூணு மடங்கு நேரம் கன்ட்ரோலர்கிட்டருந்து சத்தமே இல்லன்னா ஸ்விட்ச் பொறுப்ப தானே எடுத்துக்கும், கணக்கு பண்ணா சுமார் 15 செகண்ட். அதுக்கப்புறம் அது எந்த மேக் எந்த போர்ட்ல இருக்குன்னு தானே கத்துக்கிற சாதாரண மேக் லேர்னிங் ஸ்விட்ச்.

டம்ப்-ஃப்ளோஸ் அடிச்சா ஒண்ணுமே தெரியாது, பயப்படாதீங்க. அந்த ஃபெயில்-ஓப்பன் ஃப்ளோ மறைஞ்சு இருக்கும், "சுடோ ஓவிஎஸ்-ஏப்சிடிஎல் ப்ரிட்ஜ்/டம்ப்-ஃப்ளோஸ் எஸ்1" அடிச்சாதான் வெளிய வரும், எல்லா பாக்கெட்டையும் நார்மலுக்கு (சாதாரண ஸ்விட்ச் மாதிரி கையாளுற ஆக்‌ஷனுக்கு) அனுப்புற ஃப்ளோ அது. ஓவிஎஸ்-விஎஸ்விட்ச்டி (ஸ்விட்ச்ச ஓட்டுற முக்கிய ப்ரோக்ராம்) லாக்லயும் "ஃபெயிலிங் ஓப்பன்"னு ஒரு எச்சரிக்கை விழும், இந்த வார்த்தைக்கு ஒரு அலர்ட் வெச்சுக்கோங்கன்னு கேட்டுக்குறேன்.

இங்கதான் கவனம் வேணும். ஸ்டாண்டலோனுக்கு மாறும்போது கன்ட்ரோலர் போட்டிருந்த ஃப்ளோ எல்லாத்தையும் ஸ்விட்ச் தொடச்சுடும். அதுல உங்க ஃபயர்வால் ரூல் இருந்துச்சா, ஒரு கஸ்டமரோட விஎம் இன்னொருத்தர் விஎம்ம பாக்கக்கூடாதுன்னு போட்ட தடை இருந்துச்சா, எல்லாம் போச்சு, பிங் போகுதுன்னு யாரும் கவனிக்கவும் மாட்டாங்க. இன்னொண்ணு லூப். கன்ட்ரோலர நம்பி ஸ்விட்ச்சுகளை வளையமா கட்டியிருந்தா, எஸ்டிபி (லூப்ப தடுக்குற ப்ரோட்டோகால்) டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும்போது எல்லா ஸ்விட்ச்சும் ஒண்ணா ஸ்டாண்டலோனுக்கு போனா ப்ராட்காஸ்ட் ஸ்டார்ம் (ஒரே ப்ராட்காஸ்ட் பாக்கெட் முடிவில்லாம சுத்திப் பெருகுறது) வரும், கன்ட்ரோலர் போனத விட அது பெரிய சேதம்.

என் கருத்து வெளிப்படையா: பல பேர் பங்கு போடுற நெட்வொர்க்னா செக்யூர்தான், ஓப்பன்ஸ்டாக் கிளவுடோட நெட்வொர்க் பகுதியான நியூட்ரானும் அதோட இன்டெக்ரேஷன் ப்ரிட்ஜ (விஎம்கள் இணையுற ஸ்விட்ச்ச) செக்யூர்லதான் வெக்குது. வீட்டு லேப், ஒரே சின்ன ஆபீஸ், லூப் கிடையாதுன்னா ஸ்டாண்டலோன் தாராளமா போதும். செக்யூர் வெச்சா கன்ட்ரோலர ரெண்டு மூணா வெச்சுடுங்க, ஒண்ணாவது கனெக்ட்ல இருக்கிற வரைக்கும் ஃபெயில் மோட் பேச்சே வராது.

ஸ்டெப் 4: வேற ஆளு செத்தா

கன்ட்ரோலர் வெளியில இருக்கிற ஆளு. பெட்டிக்குள்ளயும் ரெண்டு பேர் இருக்காங்க. ஓவிஎஸ்டிபி-சர்வர் (செட்டிங்க சேமிச்சு வெக்கிற ப்ரோக்ராம்) செத்தா ட்ராஃபிக் ஓடும், ஆனா புது போர்ட் சேக்குறது, ஃபெயில் மோட் மாத்துறது எதுவும் நடக்காது. ஓவிஎஸ்-விஎஸ்விட்ச்டி செத்தா கதை வேற, கெர்னல் டேட்டாபாத்ல (பாக்கெட்ட வேகமா அனுப்புற, கெர்னலுக்குள்ள இருக்கிற பகுதியில) ஏற்கனவே இறங்கின ஃப்ளோ மட்டும் ஓடும், புது பாக்கெட்டுக்கு மேல கேக்க ஆள் இல்ல, ட்ராப். அது திரும்ப எழும்பும்போது ஓப்பன்ஃப்ளோ டேபிள் காலியாத்தான் எழும்பும், கன்ட்ரோலர்தான் மறுபடி நிரப்பணும்.

அதனால செக்யூர்ல இருக்கு, கன்ட்ரோலர் டவுன், ஆனா ட்ராஃபிக் ஓடிட்டிருக்குன்னா தயவுசெஞ்சு விஎஸ்விட்ச்டிய நேரா நிறுத்தி ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஓடிட்டிருந்ததும் நின்னுடும். கட்டாயம்னா ஓவிஎஸ்-சிடிஎல் ரீஸ்டார்ட் குடுங்க, அது ஃப்ளோக்களை சேவ் பண்ணி வெச்சு திரும்ப போடும்.

முடிச்சதும் மினிநெட்ல எக்ஸிட், அப்புறம் "சுடோ எம்என் -சி" அடிச்சு லேப்ப க்ளீன் பண்ணிடுங்க.