கரையிலிருந்தே கிராப்பி பிடிக்கலாம்: தக்கையும் ஆழமும்

டெக்சஸில் நம்மவர்கள் தூண்டிலைத் தூக்கினால் பெரும்பாலும் பாஸ் அல்லது கேட்ஃபிஷ் தேடித்தான் போகிறார்கள். நான் கிராப்பி என்ற ஏரி மீனைத்தான் சொல்வேன். சதை வெள்ளை, வாடை குறைவு, வறுவலுக்கு இதை மிஞ்ச ஏரி மீன் கிடையாது. படகும் வேண்டாம். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். ஆனால் ஸ்டேட் பார்க் எல்லைக்குள் கரையிலிருந்து பிடித்தால் அதுவும் தேவையில்லை. முதல் முறை அங்கேயே போய்ப் பாருங்கள்.

எங்கே, எப்போது

நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது கிராப்பி முட்டையிடக் கரைப்பக்கம் வரும். கிழக்கு டெக்சஸில் அது பெரும்பாலும் மார்ச் மாதம். கோடையில் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது பாலத் தூண்களின் ஓரம் பாருங்கள். எந்தக் காலமானாலும் புதியவர்கள் வெட்டவெளித் தண்ணீரில் தேட வேண்டாம். மூழ்கிய மரம், கிளைக்குவியல், படகுத்துறையின் கால்கள், இவற்றை ஒட்டியே போடுங்கள். ஆற்றில் என்றால் இழுப்பு இல்லாத இடம் வேண்டும்: விழுந்த மரத்தின் பின்புறம், ஒதுங்கிய மடுவு.

தூண்டில் கட்டுவது

நரம்பில், அதாவது தூண்டில் இழையில், வழுக்கி ஓடும் தக்கையை வாங்குங்கள். ஸ்லிப் ஃப்ளோட் என்று கேட்டால் எந்த மீன்பிடிக் கடையிலும் தருவார்கள். நரம்பில் முதலில் நூல் முடிச்சு (தக்கை இதைத் தாண்டி ஓடாது, ஆழத்தை வைப்பது இதுதான்), அதன்கீழ் ஒரு மணி, பிறகு தக்கை, ஈயக்குண்டு, கடைசியில் கொக்கி. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் நரம்பு சூடேறிப் பலம் இழக்கும்.

கொக்கி மெல்லிய கம்பியில், 4 அல்லது 6 எண். நரம்பு 8 பவுண்டு இழுவை தாங்குவது. கடையில் 4 பவுண்டுதான் நல்லது என்பார்கள். மரக்கிளை நடுவே நான் அதைப் போட மாட்டேன். கொக்கி கிளையில் மாட்டினால் 8 பவுண்டு நரம்பை நிதானமாக இழுக்கலாம். கம்பி நிமிர்ந்து விடுபடும், நரம்பு அறாது. கொக்கியை விரலால் வளைத்துச் சரிசெய்து திரும்பப் போட வேண்டியதுதான்.

இரைக்கு உயிருள்ள மினோ என்னும் பொடி மீன். முதுகுத் துடுப்புக்குக் கீழே, முதுகெலும்பில் படாமல் கொக்கியைக் கோத்தால் நீந்திக்கொண்டே இருக்கும்.

ஆழம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

கிராப்பி மேலே பார்த்து இரை எடுக்கும் மீன். இரை அதன் தலைக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது. அதனால் முதலில் தரையைக் கண்டுபிடியுங்கள். போட்டதும் தக்கை நிமிராமல் படுத்தே கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முடிச்சைத் தக்கைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தக்கை நிமிர்ந்து நிற்கும் இடம் தரைக்குச் சற்று மேல். அங்கிருந்து இரையை ஒவ்வொரு அடியாக மேலே ஏற்றிப் பாருங்கள். ஒரு மீன் கடித்ததும் அந்த ஆழத்தை மாற்றாதீர்கள். கூட்டமாகத்தான் நிற்கும்.

இப்போது பலர் தவறவிடும் கடி. நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும், மூழ்கவே மூழ்காது. மீன் கீழிருந்து வந்து இரையை மேலே தூக்கிக்கொண்டு போகிறது, ஈயத்தின் கனம் தக்கைக்கு இல்லாமல் போகிறது. அதுவும் கடிதான், சுற்ற ஆரம்பியுங்கள்.

வெட்டி இழுக்க வேண்டாம். இதன் வாயோரச் சதை காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். நரம்பு இறுகும்வரை சுற்றி, கம்பை மெதுவாகத் தூக்கினால் போதும். கரைக்கு வந்ததும் கைவலையில் ஏந்துங்கள். நரம்பைப் பிடித்துத் தூக்கிப் பெரிய மீனை இழப்பவர்கள்தான் அதிகம்.

அளவு

டெக்சஸில் பொது விதி குறைந்தது 10 அங்குல நீளம், நாளுக்கு 25 மீன். வெள்ளை, கருப்பு இரண்டு வகையும் சேர்த்துத்தான் 25. வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். லேக் ஃபோர்க் ஏரியில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை தனி விதி: சிறியதோ பெரியதோ, பிடித்ததை எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் மீனின் காற்றுப்பை உப்பிவிடுகிறது, திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. நல்ல விதி இது. மற்ற ஏரிகளுக்கும் தனி விதி இருக்கலாம், போகும் முன் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போன சிலர், மினோ ஏரிக்குப் போவதற்குள்ளேயே செத்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். சூடு ஒரு காரணம், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் இன்னொன்று. கடைக்காரர் தரும் தண்ணீரிலேயே வையுங்கள், பேட்டரியில் ஓடும் காற்றுக்குமிழிக் கருவி ஒன்று போடுங்கள். குளிர்ச்சிக்கு ஐஸ் கட்டியை உள்ளே கொட்டக் கூடாது, அதுவும் குழாய்த் தண்ணீர்தான். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடி திறக்காமல் அப்படியே உள்ளே மிதக்க விடுங்கள்.