பேட்ஜ் குத்தும் முன்: நான் பார்த்த தவறுகள்

ஈரோட்டில் ரிப்பன் பேட்ஜ் தைத்துக் கொடுப்பது என் தொழில். மாநாடு, சங்கக் கூட்டம், கல்யாணம், பள்ளி ஆண்டு விழா என்று எதுவானாலும் நாலு நாள் முன்னால்தான் ஆர்டர் வரும். "நல்லா பளபளன்னு இருக்கோணுமுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன நிறம், யார் குத்திக்கொள்ளப் போகிறார்கள் என்று அவர்களும் சொல்வதில்லை, ஆரம்பத்தில் நானும் கேட்டதில்லை. அதற்கு ஒரு கல்யாணத்தில் நன்றாகப் பட்டேன்.

பெருந்துறைப் பக்கம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வரவேற்புக் குழுவுக்கு அறுபது பேட்ஜ் கேட்டார்கள். கடையில் கருப்பு சாட்டினும் சிவப்பு சாட்டினும் மிச்சம் கிடந்ததால் இரண்டையும் சேர்த்து ரோஜாப்பூ மாதிரி மடித்துத் தைத்து அனுப்பிவிட்டேன். பெண்ணின் அப்பா மறு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மண்டப வாசலிலேயே ஒருவர், "ஏனுங்க மாமா, சம்பந்தம் பண்ணின கையோட கட்சியும் மாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். முகூர்த்தம் முடிவதற்குள் அறுபதும் கழற்றப்பட்டுவிட்டன. எனக்குப் பாதிப் பணம்தான் வந்தது, மீதியைக் கேட்க வாயில்லை.

நம்ம ஊரில் இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அது யாருடையது என்று படித்துவிடுவார்கள். கருப்பும் சிவப்பும் என்றால் தி.மு.க., நடுவில் வெள்ளை புகுந்தால் அ.தி.மு.க. வேட்டிக் கரையில் அந்த வெள்ளைக் கோடு விரல் அகலம்கூட இருக்காது, ஆனால் எட்டத்திலிருந்தே கண்ணில் படும். தோளில் பச்சைத் துண்டு கிடந்தால் விவசாய சங்கத்துக்காரர், திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் முழுச் சிவப்பு என்றால் தொழிற்சங்கம். அதனால் இப்போதெல்லாம் கல்யாண ஆர்டருக்கு யார் வந்தாலும், இரு வீட்டாரும் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் துணியையே எடுக்கிறேன். சிரிப்பார்கள், ஆனால் பதில் சொல்வார்கள்.

நிறத்தில் சறுக்கியது நான் மட்டுமில்லை. 1789 ஜூலை 12 அன்று பாரிஸில் கமீல் டெமுலான் என்ற இளைஞர் கூட்டத்தைக் கூட்டி, ஆளுக்கொரு பச்சை அடையாளத்தைத் தொப்பியில் செருகிக்கொள்ளச் சொன்னார். ரிப்பன் கிடைக்காதவர்கள் மரத்து இலையைப் பறித்துச் செருகிக்கொண்டார்கள். அப்புறம்தான் யாருக்கோ உறைத்தது: பச்சை, மன்னனின் தம்பியும் மக்கள் வெறுத்தவருமான ஆர்துவா பிரபுவின் நிறம். உடனே பச்சையைக் கைவிட்டு, பாரிஸ் நகரத்தின் நீலத்துக்கும் சிவப்புக்கும் மாறினார்கள். பிறகு வெள்ளையும் சேர்ந்து மூவண்ணம் ஆனது. ஒரு புரட்சியே தப்பான நிறத்தில் ஆரம்பித்துத் திருத்திக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால், என் அறுபது பேட்ஜ் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

அடுத்தது, எல்லோரையும் கட்டாயப்படுத்திக் குத்த வைப்பது. சங்கத் தேர்தல் நேரத்தில் சிலர் இதைச் செய்கிறார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேலூர்க் கோட்டையே சாட்சி. அங்கே வெள்ளைக்காரன் சிப்பாய்களின் புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் ஒன்றை வைத்தான். நெற்றிக் குறி கூடாது, தாடியை இன்ன அளவில் வைக்க வேண்டும் என்ற உத்தரவுகளும் சேர்ந்துகொண்டன. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. அது மட்டுமே காரணமில்லை என்றாலும், விருப்பமில்லாதவன் உடம்பில் ஒரு சின்னத்தை ஏற்றுவது சின்ன விஷயமில்லை. ஆர்டர் கொடுப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: மேசையில் வையுங்க, வேணும்கிறவங்க எடுத்துக்கட்டும்.

கருப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். தலைவர் இறந்தால் கருப்பு, கோரிக்கைக்கும் கருப்பு. ஒரு அலுவலகத்தில் ஊழியர்கள் வெறும் கருப்புப் பட்டையோடு உட்கார்ந்திருக்க, மனு கொடுக்க வந்த பெரியவர், "யாருங்க தவறிட்டாங்க?" என்று விசாரித்திருக்கிறார். கோரிக்கை அட்டை என்றால் அதில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும், அதுவும் மூன்றடி தள்ளி நிற்பவர் படிக்கும் அளவில்.

வாக்குப்பதிவு நாளில் நடப்பது சட்டப்படியே தவறு. வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதையும் தேர்தல் தொடர்பான சின்னங்களைக் காட்டுவதையும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130-வது பிரிவு தடுக்கிறது. அபராதம் 250 ரூபாய் வரைதான், ஆனால் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். முந்தின நாள் குத்திய பேட்ஜை மறந்து அதே சட்டையோடு வரிசையில் நின்று, எதிர்த்தரப்பு ஏஜெண்டோடு வாக்குவாதம் செய்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. உங்களுக்கு மறந்து போகும், அவருக்கு மறக்காது.

ஆகஸ்ட் 15-க்கு எனக்கு நிறைய வேலை. கொடி காத்த குமரன் பிறந்த சென்னிமலை பக்கத்தில்தான் இருக்கிறது. 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடி பட்டு விழுந்தபோதும் அவர் கையில் கொடி இருந்தது. அப்படிப்பட்ட ஊர்களிலேயே பச்சை மேலே வரும்படி குத்திக்கொண்டு திரிபவர்களைப் பார்க்கிறேன். காவி மேலே வர வேண்டும். சக்கரமில்லாத மூவண்ண ரிப்பனைக் கொடி என்று நினைத்துக் குத்துவது இன்னொன்று. அந்த மூன்று நிறமும் காங்கிரஸ் கொடியிலும் இருக்கிறது, எது என்று பார்ப்பவர் குழம்புவார். டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பள்ளியில் தரும் சின்னம் வேறு. அதிலுள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் தரை, கடல், வான் படைகளைக் குறிக்கும். விழா முடிந்து காகிதக் கொடியைத் தரையில் எறியக் கூடாது என்று கொடிச் சட்டத் தொகுப்பே சொல்கிறது.

சரி, கைவேலைக்கு வருவோம், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சுருக்கு வைத்த ரோஜா பேட்ஜுக்கு, அடியில் வைக்கும் வட்ட அட்டையின் சுற்றளவைப் போல மூன்று மடங்கு ரிப்பன் வேண்டும். மூன்று அங்குல வட்டம் என்றால் ஏறக்குறைய 28 அங்குலம். ரிப்பனை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு மடங்கில் நிறுத்தினால் பூ வாடிப்போன மாதிரி தொங்கும். பாலியஸ்டர் சாட்டினைக் கத்தரித்த இடத்தில் நூல் பிரியும், அதனால் ஓரத்தை உருக்கிவிட வேண்டும். மெழுகுவர்த்தியில் காட்டினால் வெளிர் நிறங்களில் கரி படியும், ஈயம் பற்றவைக்கும் சூடான சால்டரிங் கம்பியால் ஓரத்தை இழுத்துவிட்டால் சுத்தமாக நிற்கும். மலிவான சிவப்புப் பருத்தி நாடா வாங்கினால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மே மாத வெயிலில் வியர்வை பட்டு வெள்ளைச் சட்டையில் சாயம் இறங்கினால் திட்டு எனக்குத்தான் விழும்.

பட்டுச் சட்டையில் ஊக்குக் குத்தினால் ஓட்டை நிற்கும், பட்டன் பட்டியின் மடிப்பில் குத்துங்கள். இப்போது காந்த பேட்ஜ் வந்திருக்கிறது, துணி கெடாது, வசதிதான். ஆனால் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அதை நெஞ்சில் ஒட்டிவிடாதீர்கள், அவர்களுக்குப் பழைய ஊக்கு போதும். குழந்தைகளுக்குக் குண்டூசி வேண்டவே வேண்டாம்.

ஊக்கை எங்கே தைக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். அட்டையின் நடுவில் தைத்தால் பேட்ஜ் முன்னால் கவிழ்ந்து தரையைப் பார்க்கும், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் படுக்கைவாட்டில் தைத்தால் நேராக நிற்கும்.