கொழுந்துக் கணக்கில் நிறைவெண்ணும் பின்னமும்

தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். நமக்கு ஓர் எண் போதும். கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நிறைவெண்கள்

திங்கள் 21, செவ்வாய் 14, புதன் 18 கிலோ. 18ஐவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எழுதுங்கள்: +3, −4, 0. இவை மூன்றும் நிறைவெண்கள், அதாவது பின்னமில்லாத எண்கள்; மறையாகவும் 0ஆகவும் இருக்கலாம். கூட்டினால் −1. சரிதானா? மொத்தம் 53, வேண்டியது 54. சரி.

திங்களுக்கும் செவ்வாய்க்கும் வித்தியாசம் 3 − (−4). பலர் தடுமாறும் இடம் இதுதான். நேரடியாக 21 − 14 செய்து பாருங்கள், 7 வரும். மறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நிறைவெண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் நிறைவெண்ணே வரும். வகுத்தால் அந்த உறுதி இல்லை.

இரண்டாம் படி: பின்னங்கள்

மத்தியானத்துக்குள் 12 கிலோ, பின்னேரம் 3 கிலோ. அதாவது 12/18 = 2/3, 3/18 = 1/6. மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டினால் 3/9, அதாவது 1/3. பின்னேரமும் எடுத்த பிறகு கொழுந்து குறையுமா? பகுதியெண்களை, அதாவது கீழே உள்ள எண்களை, சமமாக்குங்கள்: 4/6 + 1/6 = 5/6. நிறுத்துப் பார்த்தாலும் 15/18, அதே 5/6.

(சில தோட்டங்களில் 17 கிலோ எடுத்தாலும் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். 17/18 எப்படி 1/2 ஆகிறது என்று கணிதத்தைக் கேட்காதீர்கள்.)

மூன்றாம் படி: விகிதமுறும் எண்கள்

மேலும் கீழும் நிறைவெண்ணாக, கீழே 0 இல்லாமல் எழுத முடிந்த எல்லாமே விகிதமுறும் எண்கள். −4 கூட −4/1தான். கீழே 0 ஏன் ஆகாது? 5/0க்கு ஒரு விடை இருந்தால், அதை 0ஆல் பெருக்க 5 வர வேண்டும். வராதே!

3க்கும் 4க்கும் நடுவே நிறைவெண் இல்லை. ஆனால் 5/6க்கும் 1க்கும் நடுவே 11/12 இருக்கிறது. நம் கணக்கில் 16.5 கிலோ. அதற்கும் 1க்கும் நடுவே 23/24. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்.

தசமமாக்கினால் இவை முடியும், அல்லது மீளும், அதாவது அதே இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். 5/6 = 0.8333… மீள்கிறது, பகுதியெண்ணில் 3 ஒரு காரணி. 2, 5 தவிர வேறு முதன்மைக் காரணி இல்லாவிட்டால் முடியும். ஆனால் முதலில் சுருக்குங்கள்: 27/18ஐப் பார்த்தவுடன் மீளும் என்று சொல்லத் தோன்றும். சுருக்கினால் 3/2, அதாவது 1.5.

10/18, 45/18 இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள். ஒன்று மீளும், மற்றது 2.5.